காற்றாடி சுற்றினால் மழை ஓடிவிடுமா?

வாசகர் கேள்வி – பதில்

நம்ம ராமநாதபுரம் கடலோரத்தில் சோலாரும் காற்றாலையும் வருவதைப் பற்றி மனசில் பட்டதைக் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு மூலையில் போட்டிருந்தோம். தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் வந்து குவிந்துவிட்டது. திட்டுக் கடிதங்களும் உண்டு, பரவாயில்லை. ஒரே கேள்வியை நாலு ஊர்க்காரர்கள் கேட்டிருந்தால் அதில் நன்றாகக் கேட்டவருடையதை மட்டும் எடுத்திருக்கிறேன், மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் ஊர்ப்பக்கம் காற்றாலை வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. காற்றாடி சுற்றினால் மழை மேகத்தை விரட்டிவிடும் என்று டீக்கடையில் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்கிறார்கள். ஏற்கெனவே இது வானம் பார்த்த பூமி. உண்மையா சார்?
– ஏர்வாடி வாசகர்

உண்மை இல்லை. காற்றாலை மும்முரமாகச் சுற்றுவது வைகாசியில் ஆரம்பித்துப் புரட்டாசி வரைக்கும், அதாவது தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கிற காலத்தில். நமக்கு மழை கொண்டு வருவது ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று. இரண்டும் வேறு வேறு காற்று, வேறு வேறு திசை. உயரத்தையும் பாருங்கள், இப்போது வருகிற பெரிய காற்றாலைகளில் இறக்கை நுனி மேலே போய் நிற்கும்போதுகூடத் தரையிலிருந்து 200 மீட்டர் சொச்சம்தான் வரும். மழை மேகத்தின் அடிப்பக்கமே பொதுவாக அதற்கும் பல நூறு மீட்டர் மேலே இருக்கும், அதன் தலையோ கிலோமீட்டர் கணக்கில் உயரே போகும். ஆரல்வாய்மொழிப் பக்கம் முப்பந்தலில் இத்தனை வருஷமாகக் காற்றாலைகள் காடு மாதிரி நிற்கின்றன, கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஆனால் டீக்கடைக்காரர்களை நான் கேலி பேச மாட்டேன். கமுதி செங்கப்படையில் 648 மெகாவாட் சோலார் மின்நிலையம் முழுசாக ஓட ஆரம்பித்தது 2016 செப்டம்பரில். அடுத்த மாதம் வர வேண்டிய வடகிழக்குப் பருவமழை அந்த வருஷம் தமிழ்நாடு முழுவதும் 60 சதவீதத்துக்கு மேல் குறைந்துபோனது. கண்ணெதிரே புதிதாக ஒன்று வந்து இறங்குகிறது, மழை வராமல் போகிறது. இரண்டுக்கும் முடிச்சுப் போடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதே வருஷம் சோலார் தகடு வாடையே இல்லாத தஞ்சாவூர், நாகப்பட்டினத்தில் நெற்பயிர் கருகியது என்பதை எடுத்துச் சொல்லத்தான் அந்த டீக்கடையில் ஆள் இருந்திருக்க மாட்டார்.

அப்படியானால் சோலார் பக்கத்தில் வெக்கை கூடுகிறது என்பதும் கட்டுக்கதைதானா?
– முதுகுளத்தூர் வாசகர்

அவசரப்படாதீர்கள், இதில் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்தில் சோலார் நிலையத்துக்கு உள்ளேயும் வெளியேயும் வெப்பமானி வைத்து அளந்து 2016ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இரவு நேரத்தில் உள்ளே 3 முதல் 4 டிகிரி வரை வெப்பம் கூடுதலாக இருந்தது. செடிகொடியை வழித்தெடுத்துவிட்டு வெறுந்தரையில் தகடு நட்டால் அப்படித்தான் ஆகும். வேலியை விட்டுத் தள்ளிப் போகப் போக இந்த வித்தியாசம் குறைந்துவிடுகிறது என்றும் வேறு இடங்களில் அளந்திருக்கிறார்கள். ஆகவே ஊரே வேகிறது என்றால் மிகை. வேலியை ஒட்டிக் குடியிருப்பவர் சொன்னால், கேட்டுக்கொள்ள வேண்டிய பேச்சு.

மகளைக் கமுதிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறேன். பஸ்ஸில் போகும்போது கண்ணுக்கு எட்டின மட்டும் கறுப்புக் கண்ணாடியாகக் கிடக்கிறது. பேரன் "அம்மாச்சி, கடல் மாதிரி இருக்கு" என்று குதிக்கிறான். எனக்கு வயிற்றைப் பிசைகிறது. "பொட்டல்காடுதானே அத்தை, அதில் என்ன வெள்ளாமை கண்டீர்கள்" என்று மருமகன் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான்தான் காலத்துக்கு ஒவ்வாமல் பேசுகிறேனா?
– சாயல்குடியிலிருந்து ஒரு அம்மா

இல்லை அம்மா. வந்த கடிதங்களிலேயே என்னைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்தது உங்களுடையதுதான்.

மருமகனுக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். அந்தப் பொட்டலில் மழை பெய்தால் மிளகாய் இருந்தது, பருத்தி இருந்தது, கம்பும் குதிரைவாலியும் இருந்தன. நம்ம ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கொடுத்தார்களே, அது ஆற்றுப்பாசனத்தில் விளைகிற சாமான் இல்லை, இந்த மாதிரி மானாவாரிக் காட்டில் உருண்டையாகச் சிவக்கிற சாமான். ஒன்றும் விதைக்காத வருஷத்திலும் தை வரைக்கும் புல் கிடக்கும், செம்மறி மேயும், ஆடு மேய்க்கிற கீதாரிகள் கிடை போடுவார்கள். "ராமநாதபுரம் வெள்ளை" என்று ஒரு ஆட்டு இனத்துக்கே நம்ம மாவட்டத்தின் பெயர் இருக்கிறதென்றால் அது சும்மா வந்துவிடவில்லை. ஆட்டுக்கு எது பாதை, எந்த ஊருணியில் தண்ணீர் காட்டுவது என்பதெல்லாம் கிராம நிர்வாக அலுவலரின் ரிஜிஸ்தரில் இருக்காது. ரிஜிஸ்தரில் தரிசு என்று இருக்கும். வெளியூரிலிருந்து நிலம் தேடி வருகிறவர் அந்த ரிஜிஸ்தரைத்தான் பார்ப்பார், அப்புறம் வரைபடத்தைப் பார்ப்பார், பிறகு வெயிலைப் பார்ப்பார். நம்ம ஊரில் மூன்றும் அவருக்குத் தோதாக இருக்கிறது.

சரி, உங்களுக்கு ஏன் வயிற்றைப் பிசைகிறது? அளவும் வேகமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் தகடு, கட்டி முடித்தது எட்டே மாதத்தில். ஒரு போகம் முடிந்து அடுத்த போகம் வருவதற்குள் அடிவானம் மாறிவிட்டால் கண் எப்படிப் பழகும். வாலிநோக்கம் உப்பளத்தை நினைத்துப் பாருங்கள், அதுவும் வெயிலை நம்பி, வெட்டவெளியை வளைத்து நடக்கிற தொழில்தான், உச்சி வெயிலில் அந்தப் பாத்திகளைப் பார்த்தால் கண் கூசும். அதை யாரும் அசிங்கம் என்று சொல்லிக் கேட்டதில்லை. நம் வீட்டு ஆளோ சொந்தக்காரரோ அங்கே வரப்பில் நின்று உப்பு வாருகிறார்கள், குறை இருந்தாலும் யாரிடம் போய்ச் சண்டை போடலாம் என்று தெரியும். ராமேஸ்வரத்து டிவி கோபுரம் 323 மீட்டர், நம்ம பக்கம் வருகிற எந்தக் காற்றாலையும் அதன் தோளுக்குத்தான் வரும். அது அசிங்கம் என்று எவராவது மனு எழுதினார்களா? அதில் நமக்குப் படம் தெரிந்தது. இங்கே மின்சாரம் எங்கே போகிறதென்று தெரியவில்லை. கம்பி தலைக்கு மேலே போகிறது, நம் வீட்டில் கரண்டு கட்.

சீமைக்கருவேலத்தையும் சொல்லியாக வேண்டும். இன்றைக்குப் பொட்டல் என்று நாம் சொல்வதில் பாதி அந்த முள்ளுக்காடுதான். அதுவும் ஒரு காலத்தில் வெளியிலிருந்து வந்ததுதான், அதைத் திட்டாத வாய் இந்த மாவட்டத்தில் கிடையாது, ஆனாலும் அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. நிலம் வேலிக்குள் போகும்போது முள்ளோடு சேர்த்து அந்த மூட்டமும் போகிறது. பதிலுக்கு வேலை கிடைக்கும் என்பார்கள். கட்டுகிறபோது ஆயிரக்கணக்கில் ஆள் தேவைப்படும், கட்டி முடிந்த பிறகு காவலுக்கும் பராமரிப்புக்கும் கொஞ்சம் பேர் போதும், கமுதியில் தகடு துடைக்கிற வேலையைக்கூட ரோபோ செய்கிறது. தண்ணீர்ப் பஞ்ச ஊரில் தண்ணீர் இல்லாமல் துடைக்கிறது என்பது நல்ல விஷயம்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். துடைப்பத்தோடு நிற்க ஆள் தேவைப்படவில்லை என்பதும் உண்மைதான்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. உப்பூரில் 1,600 மெகாவாட் அனல்மின் நிலையம் வருவதாக இருந்ததே, நிலக்கரி என்பதால் சட்டப்படி பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியே ஆக வேண்டும். மீனவர்களும் விவசாயிகளும் எதிர்த்தார்கள், விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய் 2021ல் சுற்றுச்சூழல் அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. சோலாருக்கும் தரையில் நிற்கிற காற்றாலைக்கும் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி அந்த முன் அனுமதியே தேவையில்லை. புகை இல்லை, சாம்பல் இல்லை, பிறகு எதற்கு என்பது கணக்கு. அனுமதி தேவையில்லை என்றால் கருத்துக்கேட்பும் இல்லை. யாராவது ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து "உங்களுக்கு என்னம்மா கஷ்டம்" என்று கேட்டிருந்தால் நீங்கள் ஆட்டுப் பாதையைச் சொல்லியிருப்பீர்கள், கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வரத்துக்காலைச் சொல்லியிருப்பீர்கள். கேட்கவில்லை. கேட்காத இடத்தில்தான் மழையை விரட்டுகிறது, கதிர்வீச்சு வருகிறது, மாடு சினை பிடிக்கவில்லை என்றெல்லாம் பேச்சு கிளம்புகிறது. உங்கள் வயிற்றைப் பிசைகிறதும் எனக்கென்னவோ அதில் சேர்ந்ததாகத்தான் படுகிறது.

இவ்வளவு சொன்னதால் நான் சோலாருக்கு எதிரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நிலக்கரிச் சாம்பல் விழுகிற ஊரில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தால் தகடு அழகாகத்தான் தெரியும். தகட்டுக்கு அடியில் ஆட்டை மேய விடலாம், வெளிநாடுகளில் செய்கிறார்கள், புல் வெட்டுகிற செலவும் மிச்சம். செம்மறிதான் விட வேண்டும். வெள்ளாட்டை விட்டால் தகட்டின் மேல் ஏறி நிற்கும், ஒயரைக் கடிக்கும். நம்ம ஊரில் செம்மறிக்கா பஞ்சம்? பேரன் சொன்னதும் தப்பில்லை. அவனுக்கு அது பிறந்ததிலிருந்து இருக்கிற காட்சி.

மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டோம். பக்கத்து வீட்டு லாத்தா, "கண்ணு கூசுது, கதிர்வீச்சு வேற வருமாம், தெருவோட லட்சணமே போச்சு" என்று பேச்சு வார்த்தையையே நிறுத்திவிட்டார். என்ன சொல்லிச் சமாதானப்படுத்துவது?
– கீழக்கரை வாசகி

கதிர்வீச்சு என்பதற்கு ஆதாரமே கிடையாது, வெயிலை வாங்கி மின்சாரமாக்குகிற சிலிக்கான் அது, செல்போன் கோபுரமும் இல்லை எக்ஸ்ரே மெஷினும் இல்லை. கண் கூசுவதைப் பொறுத்தவரை, தகட்டின் வேலையே வெயிலை விழுங்குவதுதான், திருப்பி அனுப்பினால் அது நஷ்டம், அதனால்தான் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு பூசியே விற்கிறார்கள். கொச்சி விமான நிலையம் 2015லிருந்து முழுக்கச் சோலாரில் ஓடுகிறது, விமான நிலைய வளாகத்திலேயே தகடுகள் கிடக்கின்றன, விமானிக்குக் கூசாதது லாத்தாவுக்குக் கூசுமா என்று கேட்கத் தோன்றும். கேட்டுவிடாதீர்கள். காலையிலோ மாலையிலோ சூரியன் தாழ்ந்திருக்கும்போது ஒரு சில நிமிஷம் அவர்கள் ஜன்னலில் பளிச்சென்று அடிக்க வாய்ப்பு உண்டு. அந்த நேரத்தில் அவர்கள் வீட்டுக்கே போய் நின்று பாருங்கள், அடித்தால் ஒரு மூங்கில் தட்டி கட்டினால் போதும். போய் நின்று பார்த்ததிலேயே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

லட்சணம் என்பது வேறு கதை. மாடியில் சிண்டெக்ஸ் தொட்டி கறுப்பாக நிற்கிறது, டிஷ் ஆன்டெனா நாலு வீட்டுக்கு நாலு திசையில் நிற்கிறது, அதெல்லாம் எப்போதோ கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. சோலாருக்கும் சில வருஷம் கொடுங்கள். நடுவில் ஒரு உபாயம் உண்டு, தகட்டைத் தாங்குகிற சட்டத்தை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கிப் போட்டால் அடியில் நிழல் கிடைக்கும், வடகம் காயப் போட இடமும் பறிபோகாது. செலவு கொஞ்சம் கூடும். கடற்காற்றில் இரும்பு எப்படித் துருப்பிடிக்கும் என்று கீழக்கரைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, துத்தநாகத்தில் முக்கியெடுத்த சட்டமா, நட்டும் போல்ட்டும் துருப்பிடிக்காத எஃகா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு மானியம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரும் என்பதையும் லாத்தா காதில் போட்டு வையுங்கள். அடுத்த மாதம் அவர்கள் வீட்டு மாடியில் அளவெடுக்க ஆள் வந்தாலும் வரும்.

காற்றாலை அழகா, அசிங்கமா? ஒரே வரியில் சொல்லுங்கள்.
– தேவிபட்டினம் வாசகர்

பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் அழகு, அடியில் பாய் விரித்துப் படுத்தால் தெரியும்.

சும்மா மக்களைக் குழப்பாதீர்கள். வெளிநாட்டில் எல்லாரும் இதை ஆதரிக்கிறார்கள், நம் ஆட்கள்தான் எதற்கெடுத்தாலும் எதிர்ப்பு என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். உண்மைதானே?
– ராமநாதபுரம் கல்லூரி மாணவி

பேராசிரியர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் கடலோரத்தில் 130 காற்றாலை நடுகிற திட்டம் ஒன்றை 2001ல் அறிவித்தார்கள். கரையிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் தள்ளி. அங்கே கடலைப் பார்த்த பங்களாக்கள் நிறைய, கென்னடி குடும்பத்தார் உட்பட. கடற்காட்சி கெடும், படகு விட முடியாது, மீன்பிடி பாதிக்கும் என்று வழக்குமேல் வழக்கு. பதினாறு வருஷம் இழுத்து 2017ல் திட்டத்தையே கைவிட்டார்கள். ஒரு இறக்கைகூடச் சுற்றவில்லை. எட்டு கிலோமீட்டர் தூரத்தில் கட்டைவிரல் அளவுகூடத் தெரியாத காற்றாடிக்கு அவ்வளவு பணமும் வக்கீலும். நம்ம ஊர்க்காரர் வாசலில் வந்து நிற்பதற்கு ஒரு மனு போட்டால் வளர்ச்சிக்கு எதிரி என்கிறோம்.

பிரிட்டனில் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வேண்டுமா என்று அரசாங்கம் கருத்துக்கணிப்பு எடுத்தால் பத்தில் எட்டுப் பேர் வேண்டும் என்கிறார்கள். அதே நாட்டில், இங்கிலாந்துப் பகுதியில், தரையில் புதுக் காற்றாலை வைப்பது 2015லிருந்து 2024 வரை விதிமுறையாலேயே கிட்டத்தட்ட முடங்கிக் கிடந்தது. நாட்டுக்கு வேண்டும் என்பது ஒரு பதில், என் ஊருக்கு வேண்டும் என்பது இன்னொரு பதில். இதைச் சுயநலம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. இதையே வருஷக்கணக்கில் ஆராய்ந்தவர்கள் அப்படித் தள்ளவில்லை. திட்டம் அறிவிக்கும்போது ஆதரவு சரிகிறது, ஓட ஆரம்பித்துச் சில வருஷம் ஆனபின் திரும்ப ஏறுகிறது, நடுவில் தங்களை எப்படி நடத்தினார்கள் என்பதைத்தான் மக்கள் மறப்பதில்லை என்கிறார்கள்.

டென்மார்க் கதை கொஞ்சம் வேறு. கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு எதிரே, கரையிலிருந்து 3.5 கிலோமீட்டரில், மிடல்குருண்டன் என்ற இடத்தில் 2000ஆம் ஆண்டு 20 காற்றாலை வைத்தார்கள். தலைநகரத்தின் முகப்பிலேயே! முதலில் போட்ட திட்டம் 27 காற்றாலை, மூன்று வரிசை. மக்களைக் கூப்பிட்டுக் கேட்டபோது பார்க்க நன்றாக இல்லை என்றார்கள். உடனே இருபதாகக் குறைத்து ஒரே வளைவாக மாற்றினார்கள். பாதிப் பங்கு நகர மின்வாரியத்துக்கு, மீதிப் பாதி எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண ஜனங்கள் சேர்ந்த கூட்டுறவுச் சங்கத்துக்கு. பங்குதாரர் கண்ணுக்குக் காற்றாடி சுற்றுவது வேறு மாதிரி தெரியும், சந்தேகம் வேண்டாம்.

இன்னொன்று, நெதர்லாந்தின் கிண்டர்டைக் காற்றாலைகளை யுனெஸ்கோ 1997ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவை ஒரு காலத்தில் தண்ணீர் இறைக்க வைத்த வெறும் பம்பு செட்டுகள்.

கடலுக்குள் காற்றாடி நடப்போகிறார்கள் என்று நாலைந்து வருஷமாகச் சொல்கிறார்கள். பார்க்க எப்படி இருக்கும் என்பதெல்லாம் சுற்றுலா வருகிறவர்கள் கவலை. நாட்டுப்படகுக்காரன் அங்கே வலை விடலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்கள் அண்ணே.
– பாம்பனிலிருந்து ஒரு மீனவர்

இப்படி நேராகக் கேட்டதற்கு நன்றி தம்பி. கடற்காற்றாலைக்கு இந்தியாவிலேயே தோதான இடங்களில் ஒன்று நம்ம மன்னார் வளைகுடாப் பக்கம்தான், இன்னொன்று குஜராத். காற்றைப் பற்றிப் பாம்பன்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் விழாது என்பது உங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் உதவித் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது, மொத்தம் 1,000 மெகாவாட், அதில் பாதி குஜராத்துக்கு, பாதி தமிழ்நாட்டுக்கு.

வலை விடலாமா என்பதற்கு நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. பெல்ஜியத்தில் காற்றாலைப் பகுதிக்குள் மீன்பிடிக்கவே கூடாது. பிரிட்டனில் கட்டுகிற காலத்தில் ஒவ்வொரு கம்பத்தையும் சுற்றி 500 மீட்டர் போகக் கூடாது, ஓட ஆரம்பித்தபின் பொதுவாக 50 மீட்டர்தான், நடுவில் தொழில் செய்யலாம். செய்யலாம் என்று சட்டம் சொன்னாலும் அடியில் கேபிள் கிடக்கிற இடத்தில் இழுவை மடி இழுக்க யாருக்கும் தைரியம் வராது. தூண்டிலுக்கும் சின்ன வலைக்கும் பிரச்சினை குறைவு. கம்பத்தின் அடியில் பாசி பிடிக்கும், சிப்பி ஒட்டும், மீன் அண்டும், வட கடலில் பார்த்திருக்கிறார்கள். நம்ம ஆட்கள் இருட்டு நேரத்தில் கோபுரத்தையும் லைட்ஹவுஸையும் நேர் வைத்து இடம் பிடிக்கிறார்களே, அதற்குப் புதிதாக ஒரு அடையாளம் கிடைத்த மாதிரியும் ஆகும். இதெல்லாம் நல்ல பக்கம்.

ஆனால் உங்கள் கடல் ஏற்கெனவே எவ்வளவு சுருங்கிவிட்டது என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். இந்தப் பக்கம் எல்லைக்கோடு. அந்தப் பக்கம் 21 தீவுகளும் 1986லிருந்து தேசியப் பூங்கா. மீதி இருக்கிற தண்ணீரில் விசைப்படகும் நாட்டுப்படகும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன. இதற்குள் இன்னொரு கட்டம் போட்டு "இதற்குள் வராதே" என்றால் அது காட்சிப் பிரச்சினை இல்லை, சோற்றுப் பிரச்சினை. ஆகவே பெல்ஜியம் மாதிரியா, பிரிட்டன் மாதிரியா என்பதை முதல் கம்பம் இறங்குவதற்கு முன்னால் எழுத்தில் வாங்க வேண்டும். கேபிள் எந்த ஊர்க் கரையில் ஏறும், கடற்புல் கிடக்கிற இடத்தைக் கிழித்துக்கொண்டு ஏறுமா (கடற்பசு அதைத்தான் தின்கிறது), வலை அறுந்தால் யாரிடம் போய் நிற்பது, திடீரென்று சோழகம் என்கிற தென்காற்று கிளம்பினால் கம்பத்தில் கயிறு கட்டி ஒதுங்க விடுவார்களா. இந்தக் கடைசிக் கேள்வியை எந்த அதிகாரியும் யோசித்திருக்க மாட்டார், கேட்டால் விழிப்பார், அவசியம் கேளுங்கள்.

பறவைகளை மறந்துவிட்டீர்களே?
– சக்கரக்கோட்டை வாசகி

மறக்கவில்லை. உங்கள் கண்மாய் பறவைகள் சரணாலயம், அதுவும் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இருக்கின்றன, தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாக 2025ல் அறிவித்தாயிற்று. இறக்கையில் அடிபடுவது ஒரு ஆபத்து என்றால், மின்சாரத்தை எடுத்துப் போகிற கம்பி அதைவிடப் பெரிய ஆபத்தாகவும் ஆகலாம். ராஜஸ்தானில் கானமயில் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் வரை போனது அந்தக் கம்பிக்காகத்தான். கண்மாய்க்கும் கடலுக்கும் நடுவில் பறவை போய்வரும் தடத்தில் கம்பி போகக் கூடாது என்று கேட்பது நியாயமான கோரிக்கை. எந்த மாதத்தில் எது எந்தத் திசையில் போகிறது என்று உங்கள் ஊர்க்காரர்களுக்குத்தானே தெரியும், எழுதி வையுங்கள்.

புரோக்கர் ஒருவர் தினமும் வந்து நிற்கிறார். சோலாருக்கு நிலம் வேண்டுமாம், கிரயம் என்றாலும் சரி குத்தகை என்றாலும் சரியாம். மூன்று ஏக்கர் இருக்கிறது. கொடுக்கலாமா?
– ஆர்.எஸ்.மங்கலம் வாசகர்

கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். நான் சொல்வது, தனியாகப் பேசாதீர்கள். ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் நாலு ஏக்கர் வேண்டும், அப்படியானால் உங்கள் மூன்று ஏக்கரை மட்டும் வைத்து அவர்கள் ஒன்றும் செய்ய முடியாது, பக்கத்துப் பட்டாக்காரர்களும் சேர்ந்தால்தான் நடக்கும். அது அவர்களுக்குத் தெரியும், அதனால்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக வருகிறார்கள். சேர்ந்து உட்கார்ந்தால் விலை வேறு. பவர் பத்திரத்தில் கையெழுத்து கேட்டால் எழுந்து போய்விடுங்கள். குத்தகை என்றால் பதிவு செய்த பத்திரம், சில வருஷத்துக்கு ஒருமுறை தொகை எவ்வளவு ஏறும், பேசிய காலம் முடிந்ததும் தகட்டையும் கான்கிரீட்டையும் யார் பிடுங்கி எடுப்பது, இதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். தகட்டுக்கு ஆயுள் சுமார் 25 வருஷம். அப்போது கையெழுத்துப் போட்டவர் எங்கே இருப்பாரோ.

உங்கள் ஊருக்கு மட்டும் ஒன்று கூடுதலாகச் சொல்கிறேன். பெரிய கண்மாயை நம்பி இருக்கிற ஊர். வரத்துக்கால் வேலிக்குள் போய்விட்டால் கீழே இருக்கிற கண்மாய்களுக்குத் தண்ணீர் போகாது, நிலம் கொடுக்காதவன் வயலும் காயும். வண்டிப்பாதையும் அப்படித்தான். சர்வேயரை வைத்து அளந்து கல் நட்டுவிட்டுப் பிறகு பேச்சுவார்த்தைக்கு உட்காருங்கள்.

எல்லாருக்கும் உபதேசம் பண்ணுகிறீரே, உம்ம வீட்டுக்கு எதிரே காற்றாலை வைக்க விடுவீரா?
– தொண்டி வாசகர்

விடுவேன். 500 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும், குடியிருப்புக்கும் காற்றாலைக்கும் அவ்வளவு தூரம் வேண்டும் என்று மத்திய அரசின் 2016 வழிகாட்டு நெறியே சொல்கிறது, நான் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. காலை வெயிலில் இறக்கையின் நிழல் வந்து வந்து போகாத பக்கமாகப் பார்த்து வைக்க வேண்டும். கிராம சபையில் வந்து, கம்பெனி ஆள் ஒருவர் பெயரும் போன் நம்பரும் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அந்த நம்பர் அடித்தால் எடுக்க வேண்டும். ராத்திரி எரிகிற சிவப்பு விளக்கு வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள், விமானத்துக்காக வைப்பது, அதை எடுக்க முடியாது, ஜன்னலுக்குத் திரை வாங்கிக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

இறால் பண்ணை பற்றி வந்த கடிதங்கள் தனியாக ஒரு கட்டு இருக்கிறது. அடுத்த இதழில்.